கோவைக்குப் பறந்தால் ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ எரிபொருள்? மகள் கேட்கிறாள், கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மொட்டைமாடி25:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது நங்கநல்லூர். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் எங்கள் மாடிக்கு மேலேதான் வரும். 25ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் வழி அது. சக்கரம் இறங்கியிருக்கும், துணி காயப்போட்டுக்கொண்டே பதிவெண்ணைப் படித்துவிடலாம். 2009இலிருந்து ஒரு நோட்டில் தேதி, நேரம், பதிவெண், ரகம் என்று எழுதி வருகிறேன். இப்போது ஓடுவது பதினோராவது நோட்டு. வருவது பழைய ஏ320யா, புது இன்ஜின் வைத்த ஏ320 நியோவா என்று அடுப்படியில் நின்றே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். 2022 அக்டோபர் கடைசியில் ஏ380 பெங்களூருக்கு வரத் தொடங்கியதும், அது இறங்குவதைப் பார்க்க மட்டும் ரயிலேறிப் போய்விட்டு அன்றிரவே திரும்பியிருக்கிறேன். அவ்வளவு பிடிக்கும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "அம்மா, நீ இத்தனை வருஷமா எழுதி வச்சிருக்கிறது பூரா புகைக் கணக்குதானே?" என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக அந்த நோட்டைத் திறக்க மனசு வரவில்லை.

மே மாதம் கோவையில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். டிசம்பரில் டில்லி போவதாக இருக்கிறோம். நாங்கள் நான்கு பேர். இரண்டுக்கும் விமானம் என்றுதான் பேச்சு. இப்போது அவள், "கணக்குக் காட்டு, அப்புறம் வரேன்" என்கிறாள். இணையத்தில் போட்டுப் பார்த்தால் ஒரே கோவைப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு தளம் 40 கிலோ கரியமில வாயு என்கிறது, இன்னொன்று 90 என்கிறது. எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று ஒன்றும் சொல்வதில்லை.

விமானம் உண்மையில் எவ்வளவு எரிக்கிறது, அதில் ஒரு ஆளின் பங்கு எவ்வளவு, நியோ என்று வந்ததே அதில் நிஜமாகவே குறைகிறதா? அவளுக்குப் புரிகிற மாதிரி, அவளே போட்டுப் பார்க்கிற மாதிரி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கொங்குநூல்:

அக்கா, நான் கோவைக்காரன். நூல் வியாபாரம். பத்து வருடமாக மாதம் மூன்று தடவையாவது சென்னை வந்து போகிறேன். எரிபொருள் கணக்கு பெரியவர்கள் சொல்வார்கள். நேரக் கணக்கை நான் சொல்கிறேன், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் பீளமேடு விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய், இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்து, மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோ பிடித்து மண்ணடி போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆகிறது. 2023 ஏப்ரலில் வந்தே பாரத் வந்த பிறகு, காலை ஆறு மணிக்குக் கோவையில் ஏறினால் பன்னிரண்டுக்குள் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அந்த ஆறு மணி நேரமும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம், போன் பேசலாம். விமானத்தில் அந்த நாலரை மணி நேரம் வரிசையில் நின்றே போய்விடும். இப்போது ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் மட்டும்தான் பறக்கிறேன்.

இன்னொன்று, காரில் போனால் நல்லது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டு டீசல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும். 500 கிலோமீட்டருக்கு 28 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. அப்படியென்றால் 75 கிலோ. நான்கு பேர் போனால் ஆளுக்கு 19தான். நான் ஒருத்தன் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தால் அந்த 75உம் என் தலையில். அதற்கு விமானமே பரவாயில்லை என்று நினைக்கிறேன். சரியா என்று லோடுஷீட் ஐயா வந்து சொல்லட்டும்.

லோடுஷீட்:

அம்மா, உங்கள் மகளின் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று இரவு பழைய டைரியை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். 31 வருடம் சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் லோடு கண்ட்ரோலில் இருந்தேன். எத்தனை பேர், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ எரிபொருள், எடை எங்கே உட்காருகிறது என்று கணக்குப் போட்டுத் தாளில் கையெழுத்திடுவது என் வேலை. 2019இல் ஓய்வு. கணக்கு வேண்டும் என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறாள் என்பதே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் ஒரு விஷயம். விமானத்தில் எரிபொருளை லிட்டரில் யோசிக்கக் கூடாது, கிலோவில் யோசிக்க வேண்டும். மண்ணெண்ணெய் ரகம்தான், ஆனால் சூட்டில் விரியும். மே மாதம் மதியம் சென்னைத் தரையில் நிரப்பும்போது ஒரு லிட்டரின் எடை 780 கிராம் பக்கத்தில் இருக்கும், குளிர் நாட்டில் அதே லிட்டர் 800க்கு மேல் போகும். இன்ஜினுக்கு வேண்டியது எடை. 1983 ஜூலையில் கனடாவில் ஒரு 767 விமானம் 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற பழைய ஓடுதளத்தில் மிதந்து வந்து இறங்கியது. கிலோ கணக்கில் போட வேண்டிய இடத்தில் பவுண்டுக் கணக்கைப் போட்டதுதான் காரணம். எங்கள் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த கதை அது.

எரிபொருள் நிரப்புகிற ஆள் செய்கிற ஒரு வேலையை நான் ஆயிரக்கணக்கான தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடிப்பார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார். தண்ணீர் மாதிரி தெளிவாக, லேசான வைக்கோல் நிறத்தில் இருக்கும். பிறகு ஊசி போடுகிற சிரிஞ்சின் முனையில் ஒரு சிறு மஞ்சள் வில்லையைச் செருகி, அதன் வழியாக எரிபொருளை இழுப்பார். வில்லை மஞ்சளாகவே இருந்தால் சரி. பச்சை ஏறினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, நிரப்பக் கூடாது. அந்த மஞ்சளைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் குழாய் திறக்கும். இவ்வளவு கவனமாகக் கையாளப்படுகிற ஒரு பொருளை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். நோட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து கோவை வானத்தில் சுமார் 430 கிலோமீட்டர். ஏ320 நியோ இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 2,200 கிலோ எரிக்கும். காற்று, எடை, இறங்க எவ்வளவு நேரம் சுற்ற விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நூறு இருநூறு முன்னே பின்னே ஆகும். இருக்கை 180. முக்கால்வாசிக்கு மேல் நிரம்பி 155 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் ஆளுக்கு 14 கிலோ சொச்சம், லிட்டரில் சுமார் 18. ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். "ஒரு கிலோ எப்படி மூன்று கிலோ ஆகும்" என்று பிள்ளை கண்டிப்பாகக் கேட்பாள். எரிபொருளில் இருக்கிற கரி, வெளிக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனை விமானம் சுமந்துபோகவில்லை, வழியில் அள்ளிக்கொள்கிறது. ஆக, கோவைக்கு ஆளுக்கு 45 கிலோ. நான்கு பேர் போய்வர 360 கிலோ.

இப்போது டில்லி. தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர், நான்கு மடங்குக்கும் மேல். எரிவது நான்கு மடங்கு என்று நினைப்போம். இல்லை. 5,800 கிலோ பக்கத்தில் முடிந்துவிடும். ஆளுக்கு 37 கிலோ, கரியமில வாயு 118 கிலோ. நூறு கிலோமீட்டருக்கு ஆளுக்கு எவ்வளவு லிட்டர் என்று பிரித்துப் பாருங்கள். கோவைக்கு 4 லிட்டருக்கு மேல், டில்லிக்கு 2.7 லிட்டர்தான்.

ஏன் என்பதுதான் இதில் முக்கியம். அறுபது டன்னுக்கு மேலிருக்கிற ஒரு பொருளை முப்பதாயிரம் அடிக்குத் தூக்குகிற செலவு கோவைக்குப் போனாலும் டில்லிக்குப் போனாலும் ஒன்றுதான். ஓடுபாதையில் சீறிக் கிளம்பும்போது இரண்டு இன்ஜினும் சேர்ந்து நொடிக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குடிக்கும். மேலே போய்ச் சமமானதும் நொடிக்கு 600 கிராம்தான். டில்லி விமானம் அந்தச் சமமான பறப்பில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கோவை விமானம் ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பித்துவிடுகிறது.

இன்னொரு சங்கதி வெளியில் யாருக்கும் தெரியாது. கோவைக்கு எரிவது 2,200 என்றாலும் ஏற்றுவது நாலரை டன், ஐந்து டன். கோவையில் இறங்க முடியாவிட்டால் கொச்சியோ பெங்களூரோ போக வேண்டும், அதற்கு மேல் அரை மணி நேரம் சுற்ற வேண்டும். அது விதி, உயிர் சம்பந்தப்பட்டது, குறைக்கக் கூடாது. ஆனால் பாதிக்கு மேல் எரிபொருள் சும்மா மேலே போய்க் கீழே வருகிறது. அந்தச் சுமையைத் தூக்கவும் எரிபொருள் செலவாகிறது. குறைந்த தூரப் பயணத்துக்கு இது இன்னொரு வியாதி.

நியோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிஜம்தான். பழைய இன்ஜினின் விசிறி 173 சென்டிமீட்டர், நியோவின் லீப் இன்ஜினில் 198. உள்ளே போய் எரிகிற காற்றைப்போல் 11 மடங்கு காற்று வெளியே சுற்றிப் போகிறது, பழையதில் இது 6 மடங்குதான். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். நீங்கள் அடுப்படியில் நின்று கேட்கிற சத்த வித்தியாசம் அதுவேதான் அம்மா. காற்று மெதுவாக வெளியேறுவதால் சத்தமும் குறைகிறது. இறக்கை நுனியில் மேலே மடிந்து நிற்கிற 2.4 மீட்டர் துண்டையும் சேர்த்து, பழைய ஏ320யைவிட 15 சதவீதத்துக்குக் குறையாமல் மிச்சம்.

கோவைக்கு ஏடிஆர் 72 கிடைத்தால் அதில் போங்கள். விசிறி வெளியே சுற்றுகிற சின்ன விமானம், 78 இருக்கை. அதே தூரத்துக்கு 700 கிலோ பக்கத்தில்தான் எரிக்கும். ஆளுக்கு 33 கிலோ கரியமில வாயு. இருபது இருபத்தைந்து நிமிடம் கூடுதல், கொஞ்சம் அதிரும். அதிர்வதால் பலர் அதைத் தாழ்வாகப் பேசுகிறார்கள், எனக்கு வருத்தம். குறைந்த தூரத்துக்கென்றே செய்த விமானம் அது.

நூல் தம்பி சொன்ன கார் கணக்கு சரி. ரயில் மின்சாரத்தில் ஓடினாலும் நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, பெரும்பாலும் நிலக்கரி. இருந்தும் கோவைக்கு ரயில்தான் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். இரும்புமேல் இரும்பு உருள்கிறது. யாரையும் முப்பதாயிரம் அடிக்குத் தூக்கவில்லை.

இணையத்தில் 40, 90 என்று வருவதற்குக் காரணம், சிலர் எரிந்ததை மட்டும் கணக்கிடுகிறார்கள், சிலர் வானத்தில் உண்டாகிற மற்ற பாதிப்புக்கும் சேர்த்து இரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஹவுன்ஸ்லோ அம்மா இருக்கிறார்களே, அவர்கள் சொல்லட்டும்.

ஹவுன்ஸ்லோ வானம்:

ஐயா கூப்பிட்டதால் வருகிறேன். நான் வளர்ந்தது யாழ்ப்பாணம், இருபது வருடமாக லண்டனில் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில். வளிமண்டலம் படித்தேன், இப்போதும் அந்தத் துறையில்தான் வேலை.

தங்கச்சி, உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். நங்கநல்லூர் மாடியிலிருந்து வானத்தில் வெள்ளைக் கோடு எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்? அதிகம் இருக்காது. இங்கே தெளிந்த காலை என்றால் ஒன்பது மணிக்குள் வானம் முழுக்கக் கோலம் போட்டது மாதிரி ஆகிவிடும். அட்லாண்டிக் தாண்டி வருகிற விமானங்கள் இழுத்த கோடுகள். சிலது இரண்டு நிமிடத்தில் கரையும். சிலது கரையாமல் அகலமாகி, பஞ்சு பிரித்துப் போட்டது போலப் பரவி, மதியத்துக்குள் எது மேகம் எது கோடு என்றே தெரியாமல் போகும். 2020 ஏப்ரலில் முடக்கத்தின்போது அந்த வானம் வெறும் நீலமாக இருந்தது. நான் வீட்டுப் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது புகை இல்லை, பனிக்கட்டித் துகள். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஒன்றேகால் கிலோ நீராவியும் வரும். கூடவே நுண்ணிய கரித்தூள். வெளியே மைனஸ் 40 பாகைக்குக் கீழே குளிர் இருந்தால் நீராவி கரித்தூளைப் பிடித்துக்கொண்டு உறைகிறது. இங்கே 35,000 அடியில் மைனஸ் 55 பக்கம். உங்கள் பக்கம் அதே உயரம் மைனஸ் 40ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் அங்கே கோடு குறைவு. நாற்பதாயிரம் அடிக்கு மேலே பறந்தால் அங்கேயும் விழும்.

சுற்றியிருக்கிற காற்று வறண்டிருந்தால் கோடு கரைந்துவிடும், கவலையில்லை. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றடுக்கு என்றால் மணிக்கணக்கில் நிற்கும். பகலில் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், பூமியின் சூட்டையும் வெளியே விடாமல் தடுக்கும். இரவில் திருப்பி அனுப்ப வெயில் இல்லை, போர்வை வேலை மட்டும்தான். ஆகவே இரவுக் கோடுதான் மோசம்.

மனிதர்கள் வெளிவிடுகிற கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு சுமார் இரண்டரை சதவீதம். கோடுகளையும் மற்றதையும் சேர்த்துச் சூட்டைக் கணக்கிட்டால் மூன்றரை சதவீதம் பக்கம் போகிறது. விமானத்தால் ஆகிற சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாதவற்றால் வருவது. இரண்டால் பெருக்குகிற தளங்கள் இதைத்தான் மனத்தில் வைத்துப் பெருக்குகின்றன. ஆனால் ஒவ்வொரு பயணத்தையும் ஒரே எண்ணால் பெருக்குவது நியாயமில்லை. ஜப்பான் வான்வெளியில் செய்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு இரண்டு சொச்சம் விமானங்களே கோடுகளால் வருகிற சூட்டில் 80 சதவீதத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. மற்ற விமானங்களின் பங்கு மிகக் குறைவு. உங்கள் கோவை விமானம் அந்த உயரத்தில் இருப்பதே கொஞ்ச நேரம், நான் அதற்கு 45ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். அந்த ஈர அடுக்கு அகலமாகப் பரந்திருக்கும், ஆனால் தடிமன் குறைவு. இரண்டாயிரம் அடி மேலேயோ கீழேயோ போனால் தப்பிவிடலாம். 2023இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் சேர்ந்து 70 பயணங்களில் சோதித்தார்கள். உயரத்தை மாற்றியதில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன, அந்த விமானங்களுக்கு 2 சதவீதம் எரிபொருள் கூடியது. புது இன்ஜின் வேண்டாம், புது எரிபொருள் வேண்டாம். முதல்நாள் வானிலையை வடிவாகக் கணித்தால் போதும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் மேலே தங்கும், இந்தக் கோடு ஒரு நாள் தங்காது. இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கே பலன். உங்கள் மகள் படித்து முடித்து வேலை தேடுகிற காலத்தில் இது ஒரு நல்ல வேலையாக இருக்கும், சொல்லி வையுங்கள்.

கொங்குநூல்:

தாவர எண்ணெயில் விமானம் ஓட்டினார்களே, அது என்ன ஆயிற்று? 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஒரு சின்ன விமானம் காட்டாமணக்கு எண்ணெய் கலந்து பறந்தது என்று படித்த ஞாபகம்.

லோடுஷீட்:

பறந்தது தம்பி. ஒரு இன்ஜினில் 25 சதவீதம் கலந்தார்கள், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு 787 விமானம் முழுக்கவே அந்த மாதிரி எரிபொருளில் போனது. இன்ஜினுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பொருள்தான் இல்லை. 2024இல் உலகம் முழுக்கச் செய்தது பத்து லட்சம் டன், விமானங்கள் குடிப்பதில் 0.3 சதவீதம். விலையும் பல மடங்கு. அதற்கு மூலப்பொருளான பயன்படுத்திய சமையல் எண்ணெயை எல்லோரும் தேடினால் எவ்வளவுதான் கிடைக்கும்? நம் நாட்டிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களுக்கு 2027இல் ஒரு சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல ஆரம்பம், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

பேட்டரி விமானம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கிலோ மண்ணெண்ணெயில் 12 யூனிட் சக்தி, ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட். இன்ஜின் பாதிக்கு மேல் சூடாக வீணாக்கினாலும் அந்த வித்தியாசம் தாங்காது. அதுவுமில்லாமல் எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும், பேட்டரி கடைசிவரை அதே எடை. பயிற்சி விமானத்துக்குச் சரி, டில்லிக்கு முடியாது.

என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. ஒரு மாநிலத்தில் 4 சதவீதத்துக்கும் கீழே, இன்னொன்றில் 25க்கும் மேலே. அதனால் விலை குறைந்த ஊரில் திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். நானே அப்படிப்பட்ட தாள்களில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாதுகாப்பில் ஒரு குறையும் இல்லை, விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் ஒரு டன் அதிகம் ஏற்றினால் மணிக்குச் சுமார் 30 கிலோ அதைச் சுமக்கவே எரியும். மூன்று டன் கூடுதலாக ஏற்றி இரண்டரை மணி நேரம் பறந்தால் 225 கிலோ போயிற்று. 700 கிலோ கரியமில வாயு. உங்கள் குடும்பம் கோவை போய்வருவதைப் போல் இரண்டு மடங்கு, யாரும் எங்கும் போகாமலே. அந்தத் தாள்களில் எடை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இந்த 225ஐ ஒரு தடவையாவது மேலே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வரி ஒன்றானால் அடுத்த நாளே நிற்கக்கூடிய வீண் இது. இன்ஜின் செய்கிறவன் 15 சதவீதத்துக்குப் பதினைந்து வருடம் பாடுபடுகிறான்.

மொட்டைமாடி25:

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பிட்டுவிட்டு நானும் அவளும் இதையெல்லாம் என் பதினோராவது நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். 2,200ஐ 155ஆல் வகுத்து 3.16ஆல் அவளே பெருக்கினாள். 44.85 வந்தது. பக்கத்தில் பென்சிலால் "ஐயா சொன்னது சரி" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கோவைக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் நான்கு டிக்கெட் போட்டாயிற்று. இரவு ஏறினால் காலையில் தம்பி வீட்டுக் காபி. டில்லிக்குப் போக மட்டும் விமானம், திரும்பும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று பேசியிருக்கிறோம். முப்பத்து மூன்று மணி நேரம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் மாறியது, மகள் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டாள். விமானத்தில் போகிற அன்று, எத்தனை நிமிடம் தரையில் ஓடுகிறது, எப்போது சமமாகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதப் போகிறாளாம்.

இன்று காலை ஒரு நியோ தாழ வந்தது. நான் நோட்டை எடுக்கவில்லை, அவள் எடுத்து எழுதினாள்.

ஐயாவுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி. எடை எங்கே உட்காருகிறது என்று கணக்குப் போடுவது உங்கள் வேலை என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் எரிபொருள் குறையுமா, கூடுமா?

லோடுஷீட்:

இந்தக் கேள்வியை என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன்களில் இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அவளிடம் சொல்லுங்கள்.

விமானத்தின் எடை மையம், இறக்கையின் தூக்குவிசை மையத்துக்குச் சற்று முன்னால் இருக்கும், அதனால் மூக்கு கீழே சாயப் பார்க்கும். அதைத் தடுக்க வால் இறக்கை பின்பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தூக்க வேண்டிய பொருளை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே போகிறோம், அது வீண். எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் அந்த அழுத்தம் குறையும், எரிபொருளும் குறையும். ரொம்பப் பின்னால் போனால் விமானம் நிலை தடுமாறும், அதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு, அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. ஏ320யில் இந்த மிச்சம் மிகக் குறைவு, எனவே டில்லிக்குப் போகும்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். ஏ330இல் இது கணக்கில் வரும். வால் இறக்கைக்குள்ளேயே ஒரு தொட்டி இருக்கும். மேலே போனதும் கணினியே எரிபொருளைப் பின்னால் அந்தத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, இறங்குவதற்கு முன்னால் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரும். நீங்கள் பெங்களூருக்குப் போய்ப் பார்த்தீர்களே அம்மா, அந்த ஏ380யின் வாலிலும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது.